நாயின் தட்டில் மீன்: பச்சையா, உறையவைத்ததா, அவித்ததா, மீந்த கறியா?

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர ஊர்களிலும் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் நாய் வளர்ப்பவர்கள், நாய்க்கு மீன் கொடுக்கலாமா என்று கேட்பது அரிது. மீன் எப்படியும் கொடுக்கப்படுகிறது. வேறுபடுவது அதன் வடிவம் மட்டுமே. சிலர் சந்தையில் மீன் வெட்டும்போது ஒதுக்கப்படும் தலையையும் குடலையும் பையில் கட்டி வாங்கிவந்து அப்படியே போடுகிறார்கள். சிலர் மலிவாகக் கிடைக்கும் நாளில் சூடை, கீரி போன்ற சிறு மீன்களை வாங்கிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். சிலர் தனியாக அவித்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளிலோ மதியச் சாப்பாட்டுக்குப் பின் மீந்த மீன்கறியைச் சோற்றில் பிசைந்து வைப்பதுடன் விடயம் முடிந்துவிடுகிறது. பிறநாடுகளில் எழுதப்படும் அறிவுரைகள் முதல் மூன்றை மட்டுமே ஒப்பிடுகின்றன. நம் பகுதியில் நான்காவதையும் தராசில் வைக்காத ஒப்பீடு பயன்படாது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மீனால் நாய்க்கு வரக்கூடிய தீங்கு ஒரே வகையானதன்று. புழுக்களின் குடம்பிகள், பக்டீரியாக்கள், விற்றமினை அழிக்கும் நொதியம், மீன் பழுதடையும்போது உண்டாகும் இரசாயனம், இயற்கையிலேயே மீனின் உடலில் உள்ள நஞ்சு, முள், தூண்டில் என்று அவை பலவாக இருப்பதோடு, வெப்பம் நீக்குகின்ற சிலவற்றைக் குளிர் நீக்காமலும், இரண்டாலும் நீக்க முடியாத சில எஞ்சியும் இருப்பதால், "பச்சை மீன் பாதுகாப்பானதா" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் கூற இயலாது.

பச்சை மீனுக்காகச் சொல்லப்படும் நியாயங்கள்

பச்சையாகக் கொடுப்பவர்களின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. நாயின் இரைப்பை அமிலம் வலிமையானது. சல்மொனெல்லா போன்ற பக்டீரியாக்கள் உட்சென்றாலும் ஆரோக்கியமான வளர்ந்த நாய் பெரும்பாலும் நோய்வாய்ப்படுவதில்லை. பச்சை மீனின் முள் வளையக்கூடியது, வெந்த மீனின் முள் விறைத்து எளிதில் முறிவது என்பதும் உண்மையே. எல்லாவற்றுக்கும் மேலாக, கரைவலை இழுக்கும் இடங்களில் மணலில் சிதறிய மீனைத் தின்று திரியும் நாய்களைக் காட்டி, "அவை நன்றாகத்தானே இருக்கின்றன" என்பார்கள்.

கடைசி வாதம்தான் வலுவற்றது. கரையில் நாம் காண்பவை பிழைத்திருக்கும் நாய்கள். செத்துப்போனவற்றை எவரும் கணக்கில் எடுப்பதில்லை, செத்ததன் காரணத்தைத் தேடுவதுமில்லை. பக்டீரியாவைப் பொறுத்தவரை, நாய்க்கு நோய் வராவிட்டாலும் அதன் மலத்தின் வழியாகவும் எச்சிலின் வழியாகவும் கிருமி வீட்டுக்குள் வருகிறது. தவழும் குழந்தையும் கர்ப்பிணியும் முதியவரும் உள்ள வீட்டில் இது நாயின் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 இல், சமைக்காத விலங்குணவை நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று கொள்கை வகுத்தபோது, விலங்குகளின் நலத்துடன் மனிதரின் நலத்தையும் காரணமாகச் சொன்னது. முள் பற்றிய வாதத்தை மட்டும் நான் ஏற்கிறேன். அதற்கான மாற்று, முள்ளை அகற்றுவதுதான்.

சோறும் பச்சைச் சூடையும்

நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான தீங்கு தயமினேஸ் என்னும் நொதியம். சில மீன்களின் தசையிலும், குறிப்பாகக் குடலிலும் உள்ளுறுப்புகளிலும் காணப்படும் இந்த நொதியம், தயமின் எனப்படும் விற்றமின் பீ1 ஐச் சிதைத்துவிடும். கெண்டை இனங்களிலும், சூடை, கீரி முதலியவை அடங்கும் ஹெரிங் குடும்பத்து மீன்கள் பலவற்றிலும், நெத்தலி வகைகளிலும் இது இருப்பது அறியப்பட்டுள்ளது. சேனநாயக்க சமுத்திரம், உன்னிச்சை போன்ற குளங்களிலிருந்து சந்தைக்கு வரும் கெண்டைகளும், கடலோரத்தில் மலிவாகக் கிடைக்கும் சிறு மீன்களும், அதாவது நாய்க்கென்று வாங்கத் தோன்றும் மீன்களில் பெரும்பங்கு, இந்தச் சந்தேகப் பட்டியலில்தான் வருகின்றன.

1930களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பச்சைக் கெண்டை மீன் உண்ட பண்ணை நரிகள் பசியிழந்து, தள்ளாடி, வலிப்பு வந்து இறந்தன. அந்தப் பண்ணை உரிமையாளரின் பெயரால் அந்நோய் சஸ்டெக் வாதம் என்று அழைக்கப்பட்டது. நரி நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நாய்களிலும் தயமின் குறைபாடு முதலில் உணவில் வெறுப்பாகவும் வாந்தியாகவும், பின்னர் தள்ளாட்டமாகவும் தலை சாய்தலாகவும், முற்றினால் வலிப்பாகவும் வெளிப்படுகிறது. ஒருநாள் தின்றதால் இது வருவதில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் வரும். அதனால்தான் காரணம் மீன் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

இங்கே சோறும் குற்றவாளியாகிறது. நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் தயமின் ஏற்கெனவே மிகக் குறைவு. புழுங்கலரிசியில் அதைவிடக் கூடுதலாக எஞ்சியிருக்கும். வெள்ளரிசிச் சோற்றையும் பச்சைச் சூடையையும் அன்றாட உணவாகப் பெறும் நாய்க்கு வரவு குறைவு, அழிவு அதிகம். மீனிலுள்ள நொதியம் மீனின் தயமினோடு நிற்காமல், கலந்திருக்கும் சோற்றின் தயமினையும் சிதைக்கும். இறைச்சியும் முட்டையும் ஈரலும் கலந்த உணவு உண்ணும் வெளிநாட்டு நாயை மனத்தில் வைத்து, "கொஞ்சம் பச்சை மீன் கெடுதல் செய்யாது" என்று எழுதப்பட்ட அறிவுரையை, சோறும் மீனும் மட்டுமே உண்ணும் நம் நாய்க்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சமைத்தால் இந்த நொதியம் செயலிழக்கும். உறையவைத்தால் செயலிழக்காது. அவித்த மீனுக்கும் உறைந்த மீனுக்கும் இடையேயான முதற் பெரிய வேறுபாடு இதுதான்.

உறைபெட்டி எதைச் செய்யும்

உறையவைத்தல் நன்றாகச் செய்யும் வேலை ஒன்றுண்டு. அது புழுக்களைக் கொல்வது. கடல் மீன்களில் உள்ள அனிசாகிஸ் போன்ற உருளைப் புழுக்களின் குடம்பிகள், மீனை −20 பாகை செல்சியஸில் 7 நாட்கள் வைத்திருந்தால் இறந்துவிடும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஏற்றுக்கொண்ட அளவு. வீட்டுக் குளிரூட்டியின் உறைபெட்டி −18 பாகைக்கே அமைக்கப்படுவது வழக்கம். நாளுக்குப் பலமுறை திறக்கப்படும் பெட்டியில் அதுகூட நிலைக்காது. இடையில் மின்சாரம் நின்று, மீன் இளகி மீண்டும் உறைந்தால், அந்த நேரத்தில் பக்டீரியாக்கள் பெருகிவிடும். குளிர் பக்டீரியாவின் பெருக்கத்தை நிறுத்திவைக்கிறதேயன்றி அதைக் கொன்றுவிடுவதில்லை.

அவிப்பதற்கு இத்தனை நிபந்தனைகள் இல்லை. மீனின் உட்பகுதி 63 பாகையை எட்டினால் புழுவும் நோய் தரும் பக்டீரியாவும் அழிகின்றன. கொதிக்கும் நீரில் இட்ட மீன் சதை வெண்மையாகி இதழ் இதழாகப் பிரியும்போது அந்த வெப்பம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். விரால் போன்ற நன்னீர் மீன்களுக்கு அவித்தலைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆசிய நாடுகளில் இத்தகைய மீன்களின் வழியாகப் பரவும் நாதொஸ்டோமா என்னும் புழு நாயின் இரைப்பையிலேயே முதிர்ச்சியடைகிறது. பின் நாயின் மலத்தோடு அதன் முட்டைகள் மீண்டும் நீர்நிலைக்குப் போகின்றன.

குடல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் உயிரோடிருக்கும்போது அனிசாகிஸ் குடம்பிகள் பெரும்பாலும் குடலைச் சுற்றியே இருக்கும். மீன் இறந்து குடல் அகற்றப்படாமல் கிடந்தால் தசைக்குள் நகரக்கூடும். ஆகவே, நாம் உண்ணும் சதையைவிட நாய்க்கென்று ஒதுக்கும் குடலில்தான் புழுவும் நொதியமும் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பைதான் நான்கு வகைகளிலும் மோசமானது.

இணையத்தில் நாய்க்கும் மீனுக்கும் தேடுபவர்களை முதலில் அச்சுறுத்துவது சமன் (சால்மன்) மீன் நஞ்சேறல் என்னும் நோய். சிகிச்சையளிக்காவிட்டால் பெரும்பாலான நாய்களைக் கொல்லும் நோய்தான் அது. ஆனால் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் வாழும் ஒரு தட்டைப்புழுவையும் அதனுள் இருக்கும் ஒரு பக்டீரியாவையும் சார்ந்தது. நம் வாவி மீனுக்கும் கடல் மீனுக்கும் அதனோடு தொடர்பில்லை.

நெருப்பும் குளிரும் நீக்காதவை

அவித்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பதும் பிழை. சூரை, கும்பளா, சூடை முதலிய மீன்கள் பிடிபட்ட பின் ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்தால், பக்டீரியாக்கள் அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருளாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. பின்னேரம் சந்தை கலையும் நேரத்தில் "நாய்க்குத்தானே" என்று மலிவாக வாங்கும் மீனில் இந்த ஆபத்து அதிகம். நீங்கள் உண்ணத் தயங்கும் மீன் நாய்க்கும் வேண்டாம்.

பேத்தை மீன் இதைவிடக் கடுமையானது. அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள டெட்ரோடொக்சின் என்னும் நஞ்சு சமைப்பதால் அழியாது. மாற்று மருந்தும் இல்லை. வலையிலிருந்து கழித்து மணலில் எறியப்படும் மீன்களில் பேத்தையும் இருக்கும் என்பதால், கடற்கரைக்கு நாயை அழைத்துச் செல்பவர்கள் கல்லடியானாலும் பாசிக்குடாவானாலும் அருகம்பேயானாலும் அதைக் கயிற்றில் பிடித்திருப்பதே நல்லது. கெளிற்றின் முள் வாயிலும் தொண்டையிலும் குத்தி நிற்கும். தூண்டிலில் பிடித்த மீனின் தலைக்குள் கொக்கி இருந்துவிடுவதும் உண்டு. சுறா, பெரிய சூரை போன்றவற்றில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால் அவற்றை அன்றாட உணவாக்காமல் சிறு மீன்களை நாடுவது நன்று.

மீந்த கறி

இனி நான்காவது. பச்சை மீனைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் மீன்கறியைத் தயங்காமல் வைக்கிறார்கள். கறி வெந்தது, ஆகவே புழு, பக்டீரியா, நொதியம் ஆகிய மூன்றும் இல்லை. அவற்றின் இடத்தில் வெங்காயமும் உள்ளியும் வந்துவிடுகின்றன. இவையிரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் காய்ந்து தூளானாலும் அந்த இயல்பு மாறாது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உட்சென்றால் நாயின் குருதியில் பாதகமான மாற்றங்கள் உண்டாகும் என்று அறியப்பட்டுள்ளது. 10 கிலோ நிறையுள்ள நாய்க்கு அது 150 கிராமிலிருந்து தொடங்குகிறது. ஒருவேளைக் கறி மீதியில் அவ்வளவு இருக்காது. ஆனால் சிறிய அளவும் நாள்தோறும் தொடரும்போது தீங்கு சேர்ந்துகொண்டே போகும். உள்ளி அளவுக்கு அளவு வெங்காயத்தைவிட வீரியமானது.

குழம்பானாலும் பாலாணமானாலும் உப்பும் மிளகாயும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் கூடவே வருகின்றன. பொரித்த மீனில் எண்ணெய் மிகுதி. கொழுப்பு மிகுந்த உணவு சில நாய்களில் கணைய அழற்சியைத் தூண்டும். கறியில் கிடக்கும் முள்ளோ வெந்து விறைத்த முள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நாள்தோறும் கொடுக்கும் உணவாக மீந்த கறியைப் பச்சை மீனைவிட மேலானது என்று என்னால் கூற முடியவில்லை. கறிக்குக் கூட்டும் முன் இரண்டு துண்டை எடுத்துத் தனியே அவிப்பது எந்தச் சமையலறையிலும் ஆகக்கூடிய காரியம்.

கருவாட்டை நாய்க்குக் கொடுக்கவே வேண்டாம், உப்பு மிகுதி. டின் மீன் வடகீழ்ப் பருவமழையில் கடல் கொந்தளித்து மீன் வராத நாட்களுக்கு உதவும். உயர் வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டதால் புழுவும் நொதியமும் இல்லை, முள்ளும் மெதுமையாகிவிடும். உப்புநீரை வடித்துவிட்டு ஒருமுறை கழுவிக் கொடுக்க வேண்டும். தக்காளிச் சுவைச்சாறு கலந்த வகை வேண்டாம்.

அவிக்கும் முறையும் அளவும்

ஆகவே என் தெரிவு அவித்த மீன். குடலையும் செவுளையும் நீக்கிக் கழுவி, உப்பின்றி, மஞ்சளோ மிளகோ எதுவுமின்றி அவித்து, ஆறியபின் சதையை விரலால் தடவித் தடவி முள்ளைப் பிரிக்க வேண்டும். விளைமீன், பாரை, திலாப்பியா போன்றவற்றில் இது எளிது. சூடை போன்ற முள் நிறைந்த சிறு மீனை அழுத்த அடுப்பில் முள் விரலால் நசுங்கும் வரை வேகவைக்கலாம். அவித்த நீரில் சில விற்றமின்கள் கரைந்திருக்கும்; அதைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றலாம். ஒமேகா-3 கொழுப்பு அவிப்பதால் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. பச்சையாகக் கொடுப்பதற்குச் சொல்லப்படும் முக்கிய நன்மை இங்கும் கிடைக்கிறது.

சமநிலையான நாயுணவு உண்ணும் நாய்க்கு மீன் மேலதிகம் மட்டுமே. நாளாந்த சக்தித் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல், 10 கிலோ நாய்க்கு 50 கிராம் அளவில் போதும். சோறும் மீனுமே முழு உணவாக உள்ள நாய்க்கு மீனின் அளவு கூடத்தான் வேண்டும். ஆனால் அப்போது முட்டை, சிறிது ஈரல், மரக்கறி என்பனவும், முள் நீக்கியதால் குறையும் கல்சியத்துக்கு ஈடும் தேவை. அந்த அளவுகளை நாயின் வயதையும் நிறையையும் பார்த்துக் கால்நடை வைத்தியரே சொல்ல வேண்டும்.

நாய் ஏற்கெனவே பச்சை மீனைத் தின்றுவிட்டதென்றால், வலிந்து வாந்தியெடுக்க வைக்க வேண்டாம். முள்ளோ தூண்டிலோ ஏறிவரும்போது தொண்டையைக் கிழிக்கலாம். ஓரிரு முறை வயிற்றுப்போக்கு தானே அடங்கலாம். உடலில் தளர்ச்சி, பின்கால் இழுபடுதல், மூச்சுத் திணறல் ஆகியவை சில மணிநேரத்துக்குள் தோன்றினால் அது பேத்தையாக இருக்கக்கூடும், தாமதிக்கக் கூடாது. தொடர்ந்து வாந்தி, முன்னங்காலால் வாயைச் சுரண்டுதல், இரத்தம் கலந்த மலம், விழுங்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தின்ற மீனின் மீதி ஏதேனும் கிடந்தால் அதையும் ஒரு பையில் எடுத்துச் சென்றால், என்ன மீன் என்று பார்த்தறிய வைத்தியருக்கு உதவும்.