‘மூன்று கணினியில் போடலாம்’ என்று விற்கும் ஆட்டோ டிரேடிங் சாஃப்ட்வேர்: ஓர் எச்சரிக்கை

நிஃப்டி ஆப்ஷனில் (நிஃப்டி பங்குக் குறியீட்டின் ஏற்ற இறக்கத்தை வைத்து வாங்கி விற்கும் ஒப்பந்தம்) தானாக ஆர்டர் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை டெலிகிராம் குழு வழியாக 35,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே லைசென்ஸ், மூன்று கணினி என்பதுதான் அவர்களுடைய பெரிய விளம்பரம். வீட்டு டெஸ்க்டாப்பில் ஒன்று, விபிஎஸ்ஸில், அதாவது இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் கணினியில், ஒன்று ஓடும். வீட்டில் கரண்ட்டோ நெட்டோ போனால் விபிஎஸ்ஸில் இருப்பது பார்த்துக்கொள்ளும் என்றார்கள். “இரண்டும் தனித்தனியாக ஆர்டர் போட்டுவிடாதா?” என்று பணம் கட்டும் முன்பே கேட்டேன். “அதெல்லாம் சிங்க் ஆயிடும் சார்” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

சிங்க், அதாவது ஒரு பிரதி செய்ததை மற்றது அறிந்துகொள்வது என்று எதுவுமே அதில் இல்லை. ஒரு நாள் மூன்று லாட் (லாட் என்பது ஒரு தொகுதி) கால் ஆப்ஷன், அதாவது சந்தை ஏறினால் லாபம் தருவது, வாங்கியிருந்தபோது வீட்டு நெட் போனது. விபிஎஸ் பிரதி ஸ்டாப்லாஸில் (நஷ்டம் கூடாமல் இருக்க முன்பே குறித்து வைத்த விலையில்) விற்று வெளியேறியது. அதுவரை சரி. நெட் திரும்பியதும் வீட்டுப் பிரதி தன் கணினியில் எழுதி வைத்திருந்த கோப்பை மட்டும் பார்த்தது. அதில் மூன்று லாட் இன்னும் கையில் இருப்பதாகவே இருந்தது. அதுவும் விற்றது. கையில் இல்லாததை விற்றால் அது புது ஷார்ட், விலை ஏறினால் நஷ்டம். பங்குகளை அடமானம் வைத்துக் கிடைத்த மார்ஜின் (பிணைத்தொகை) கணக்கில் இருந்ததால் ஆர்டர் ஏற்கப்பட்டுவிட்டது. அப்படி ஒரு ஷார்ட் இருப்பதே இரண்டு பிரதிகளுக்கும் தெரியாது, அதனால் அதற்கு ஸ்டாப்லாஸும் இல்லை. சந்தை திரும்பி ஏறியது. மூன்று மணிக்கு மேல் புரோக்கரே ஸ்கொயர் ஆஃப் செய்து அந்த ஷார்ட்டை முடித்தபோது 24,000 ரூபாய்க்கு மேல் போயிருந்தது.

கேட்டதற்கு முதலில் “உங்கள் நெட் பிரச்சினை” என்றார்கள். அப்புறம், சிங்க் வசதி பிரீமியம் வெர்ஷனில்தான் உண்டாம், இன்னும் 15,000 கட்ட வேண்டுமாம். வாய்ஸ் மெசேஜை நினைவூட்டியதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் இரண்டு கணினியிலும் லைசென்ஸ் செல்லாது என்று வந்தது.

பல பிரதிகள் ஓடும் இடத்தில் எது உண்மையான பொசிஷன் (கையில் என்ன இருக்கிறது) என்பதைப் புரோக்கரின் சர்வர்தான் சொல்ல முடியும். நல்ல சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஆர்டருக்கு முன்பும் அங்கே கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். வாங்கும் முன் இதைச் சோதிக்கலாம். விலை குறைந்த பங்கு ஒன்றே ஒன்றை சாஃப்ட்வேர் மூலம் வாங்குங்கள். சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு, அந்தப் பங்கைப் புரோக்கர் ஆப்பில் கையால் விற்றுவிட்டு, சாஃப்ட்வேரை மறுபடி ஓடவிடுங்கள். திரும்பவும் விற்க ஆர்டர் அனுப்பினால் வாங்காதீர்கள். டெமோ தர மறுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்டேட்டையும் எல்லாக் கணினியிலும் ஒன்றாகப் போட்டுத் தருகிறார்களா என்று கேளுங்கள். எனக்கு ஒரு கணினிக்கு மட்டும் அனுப்பினார்கள். அமெரிக்காவின் நைட் கேபிடல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று வீழ்ந்தது இப்படித்தான். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல், ஒன்றில் மட்டும் பழையது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி 2025 பிப்ரவரியில் போட்ட சுற்றறிக்கைப்படி, ஏபிஐ வழி (சாஃப்ட்வேர் நேரடியாகப் புரோக்கரின் சர்வருக்கு அனுப்பும்) ஆர்டர்கள் புரோக்கரிடம் பதிவு செய்த நிலையான ஐபி முகவரியிலிருந்துதான் (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வரவேண்டும். அல்கோ (தானாக ஆர்டர் போடும் நிரல்) விற்பவர் பங்குச்சந்தையின் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் ஐபி பெரும்பாலும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘எந்தக் கணினியிலும் ஓடும்’ என்பவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். லாகின் பாஸ்வேர்டும் ஓடிபி உருவாக்கும் ரகசியக் குறியீடும் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அவை இருந்தால் உங்கள் கணக்கை அவர்கள் எங்கிருந்தும் திறக்கலாம். என்னிடமும் கேட்டார்கள், நான் தரவில்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டியவர்கள் 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகார் கொடுங்கள். அதற்கு முன் எல்லா உரையாடல்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வாய்ஸ் மெசேஜ்களைத் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் அவர்கள் அழித்தால் உங்கள் போனிலிருந்தும் போய்விடும்.