டிவி ரசிகனா, ஸ்டேடியம் ரசிகனா?

புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகன் என்பவனும், ஈசிஆரில் சுமார் 150 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ‘சென்னையின் எஃப்சி’ என்ற சென்னை கிளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவனும் ஒன்றா? என் ஓட்டு ஸ்டேடியத்துக்குத்தான். டிக்கெட் காசு கிளப்புக்குப் போகிறது, சத்தம் ஆட்டக்காரன் காதில் விழுகிறது, ஆட்டம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப பஸ் தேடி ஓட வேண்டும், மறுநாள் வேலை வேறு. ஆனால் ஒன்று, 2015லும் 2018லும் சென்னையின் எஃப்சி கோப்பை வாங்கியபோது நீலச் சட்டை மாட்டியவர்களில் எத்தனை பேர் தோற்ற சீசன்களில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள்?

டிவி ரசிகனையும் சும்மா ஒதுக்க முடியாது. 2013ல் லீக் பட்டத்தோடு யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் விடைபெற்றார், அதற்கப்புறம் டீம் சீசன் சீசனாக அடி வாங்கியும், நள்ளிரவு 12.30க்கு சத்தத்தைக் குறைத்து வைத்து அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே பார்க்கிறவனை எப்படிப் போலி என்பது? மெஸ்ஸி பின்னாலேயே பார்சிலோனா, பாரிஸ், மயாமி என்று சட்டை மாற்றுகிறவன் வேறு ஜாதி. அவன் மெஸ்ஸி ரசிகன், அதில் தப்பில்லை, கிளப் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.