640 டாலர் போச்சு: மோட்டார் பார்க்வே தகடு தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

640 டாலர். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது நியூயார்க், குயின்ஸ். இங்கே கன்னிங்ஹாம் பார்க்கிலிருந்து ஆலி பாண்ட் பார்க் பக்கம் போகும் சைக்கிள் பாதை, ஒரு காலத்தில் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே. வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் கார்களுக்கென்றே போட்ட சுங்கச் சாலை. 1908-இல் திறந்தது, 1938-இல் மூடியது. குறுக்கே தெரு வந்தால் நிற்க வேண்டியதில்லை, எல்லாவற்றுக்கும் பாலம். 73-வது அவென்யூ மேலே அந்தப் பழைய பாலம் இன்னும் இருக்கிறது. அதில் ஏறும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தச் சாலையில் ஓட்டக் காசு கட்டியவர்களுக்குக் காரில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த தகடுகளைப் பற்றி ஏழு வருஷமாகப் படிக்கிறேன். கையில் ஒன்றுகூட இல்லை.

போன மாதம் பழம்பொருள் ஏலத் தளம் ஒன்றில் ஒரு தகடு வந்தது. விலை 700. விற்பவரோடு போனில் பேசினேன். சுங்கம் முதலில் 2 டாலர், 1912-இல் ஒன்றரை, 1917-இல் 1 டாலர், கடைசியில் 40 சென்ட் என்று மடமடவென்று சொன்னார். கார்டன் சிட்டியில் சுங்கம் வசூலித்த வீட்டை 1989-இல் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தபோது அப்பாவோடு நின்று பார்த்தேன் என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்று நினைத்துவிட்டேன். அத்தனையும் யார் வேண்டுமானாலும் படித்துச் சொல்லக்கூடியது என்று அப்போது தோன்றவே இல்லை. "தளத்துக்குக் கமிஷன் எதற்கு, நேராக அனுப்புங்கள், 640-க்குத் தருகிறேன்" என்றார். அனுப்பிவிட்டேன்.

நேற்று பார்சல் வந்தது. அப்பாவின் காரிலிருந்து கழற்றியபடியே இருப்பதாகச் சொன்ன திருகாணிகள் கூடவே இருந்தன. நான்கும் பிளஸ் தலை. அந்த மாதிரித் திருகாணி 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. தகடோ 1910-களுடையதாம்! வயிறு கலங்கியது. பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் நனைத்துத் துருவின் மேல் லேசாகத் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாகிவிட்டது. கீழே பளபளவென்று புதுத் தகரம். துரு இல்லை, பெயிண்ட்.

போன் செய்தேன். "தாத்தா வீட்டுப் பொருள், எனக்கென்ன தெரியும்" என்றார். போன மாதம் அப்பாவின் கார், இப்போது தாத்தா வீடு! அப்புறம் எடுக்கவே இல்லை. தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை. வங்கியில், "நீங்களேதானே அனுப்பினீர்கள்?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். 640 டாலர், இரண்டு வருஷச் சேமிப்பு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. தளத்துக்கு வெளியே ஒரு சென்ட்கூட அனுப்பாதீர்கள். தகட்டின் பின்பக்கத்தையும் ஆணித் துளையையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். கதை சொன்னால் பழைய போட்டோ கேளுங்கள். அதே ஆள் நேற்று இரவு இன்னொரு தகடு போட்டிருக்கிறார், அதே பழுப்புத் துரு, விலை 750.