நீளும் தங்க மின்முனைகள்: மூன்று ஆண்டு அனுபவம்

உடலில் பொருத்தக்கூடிய, ரப்பர் போல நீளும் சிலிகோன் தாளில் மெல்லிய படலமாகப் படியவைத்த தங்க மின்முனைகளை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முதன்முதலில் இழுத்துப் பார்த்தபோது மல்டிமீட்டரில் மின்தடை எண் ஏறியதே தவிர, இணைப்பு அறவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை. தனித் தங்கப் படலம் சில சதவீதம் நீண்டாலே கிழிந்துவிடும். சிலிகோன் மேல் 30, 40 நானோமீட்டர் தடிமனில் படியும்போதோ அதில் நுண்விரிசல்கள் விழுகின்றன. இழுத்தால் அவை வாய் திறக்கும். இடையிலுள்ள தங்கக் கீற்றுகள் முறுக்கிக்கொண்டு ஒன்றையொன்று பிடித்தபடியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் மீன்வலையை அகட்டியதுபோலத் தெரியும்.

புதிதாகத் தொடங்குவோருக்கு ஒன்று. முதல் சில இழுப்புகளில் மின்தடை ஏறி, பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. அதற்காகத் தூக்கிப்போடாதீர்கள். பல தடவை இழுத்துப் பழக்கிய பிறகே அளவெடுங்கள்.

என்னை அதிகம் வாட்டியது வேறொரு கோளாறு. அளவுகள் திடீர் திடீரென்று எகிறின. வாரக்கணக்கில் படலத்தையே சந்தேகப்பட்டு, புதிது புதிதாகப் படியவைத்தேன். கடைசியில் மின்முனையைக் கம்பியோடு சேர்க்கும் இணைப்பியின் ஓரத்தை உருப்பெருக்கிப் பார்த்தால், கடினமான செம்பு முனை முடிந்து சிலிகோன் தொடங்கும் அந்தக் கோட்டில் தலைமுடி போல ஒரே விரிசல். மற்ற இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. செம்பு, சிலிகோனைவிடப் பல்லாயிரம் மடங்கு விறைப்பானது. இழுவிசை முழுதும் அந்தக் கோட்டில் குவிகிறது. இப்போது அந்த இடத்தில் சிலிகோனைப் படிப்படியாகத் தடிமனாக்கி மூடுகிறேன். அதன்பின் எகிறல் நின்றது.

உடலுக்குள் வைப்பதென்றால் உலர்ந்த மேசையில் இழுத்துப் பார்ப்பது போதவே போதாது. சிலிகோன் நீராவியை உள்ளே விடும். ஒட்டுதல் தளர்ந்த இடத்தில் நீர் கோர்த்துக் கொப்புளம் கிளம்பும். 37 டிகிரி உப்புநீரில் ஊறவைத்தபடியே இழுக்க வேண்டும். 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வுக்குழு இதே வகைத் தங்கப் படலத்தை எலிகளின் தண்டுவடத்தில் வாரக்கணக்கில் இயங்கவைத்தது. அதனால்தான் இந்த வேலையை நான் விடவில்லை.

தங்கத்துக்குப் பதிலாகக் கேலியம்-இண்டியம் திரவ உலோகமும் முயன்றேன். மின்தடை மிகக் குறைவு, நீட்சியும் அபாரம். ஆனால் கசிந்தால் தொட்டதிலெல்லாம் அப்பிக்கொள்ளும், அலுமினியத்தை அரிக்கும், தங்கத்தோடும் கலந்துவிடும். தோலுக்கு வெளியே சரி. உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓரம் தடிமனாக்கிய முதல் துண்டு இன்னும் உப்புநீரில்தான் கிடக்கிறது. இன்று காலையும் அளந்தேன். போன வார எண்தான் வந்தது.