இரண்டு வருடமாக பிளாக்செயின் பி.எல்.: "சீல் எங்கே சார்?"

திருப்பூரிலிருந்து பங்காளி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "நீங்கள்தான் இரண்டு வருடமாக பிளாக்செயினில் பி.எல். வாங்குகிறீர்களே, நானும் சேரட்டுமா?" பி.எல். என்றால் பில் ஆஃப் லேடிங்: ஏற்றிய சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது, ஒரிஜினலைக் காட்டினால்தான் சரக்கு கைக்கு வரும். அதைக் காகிதத்தில் இல்லாமல், பலருடைய கணினிகளில் ஒன்றாகப் பதியும் கணக்கேட்டில் வைப்பதுதான் பிளாக்செயின் பி.எல். போனில் சட்டென்று ஒரு பதில் சொல்லிவிட்டேன். அது அரைகுறைப் பதில் என்று பிறகு உறுத்தியது. அதனால்தான் இது.

எங்களுக்குக் கரூர். படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு. சரக்கு தூத்துக்குடியில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். துபாயின் ஜெபல் அலி மாதிரி பக்கத்துத் துறைமுகமென்றால் சரக்குப் பெட்டி முந்திவிடும். மூன்று ஒரிஜினல் பில்லும் கூரியரில் ஆடி அசைந்து போகும். அதுவரை டெமரேஜ், அதாவது பெட்டியை எடுக்கத் தாமதமாவதற்கான கட்டணம், ஏறிக்கொண்டே இருக்கும்.

நான் சந்தா கட்டும் பிளாக்செயின் தளத்தில் முதல் பில்லைக் கைமாற்றியது இன்னும் நினைவிருக்கிறது. சாப்பிட உட்காரும்போது பொத்தானை அழுத்தினேன். ரசத்துக்கு வருவதற்குள் துபாய்க்காரர் பெயருக்கு மாறிவிட்டது. அவரோடு வங்கி நடுவில் இல்லாத நேரடிக் கணக்கு. பில் எந்த நிமிடம் யாரிடம் இருந்தது என்பது வரிசையாக நிற்கிறது. பிறகு ஒருவரும் அழித்து எழுத முடியாது. இதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும்.

வங்கி நடுவில் வந்தால்தான் வயிறு எரிகிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) வழியாக வாங்கினார். அவருடைய வங்கி இந்தத் தளத்தில் உறுப்பினர் இல்லை. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு என் பில் வெறும் பி.டி.எஃப். வேறு வழியின்றிக் காகிதமாக மாற்றக் கேட்டேன். மாற்றிய கணமே மின்னணுப் பில் செத்துவிடும், இரண்டும் உயிரோடு இருக்கக் கூடாது என்பது விதி. விதி நியாயமானதுதான். ஆனால் சந்தாவும் கட்டி, தூத்துக்குடிக்கு ஆளும் அனுப்பி, கூரியர் காசும் கொடுத்தவன் நான். காகிதம் வருவதற்கு முன் இங்கே வங்கியில் பி.டி.எஃப்பைக் காட்டியபோது கவுன்டரில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சீல் எங்கே சார்?" இரண்டு வருடத்தில் இந்தக் கூத்து நான்கு முறை.

தொழில்நுட்பத்தின் மேல் பழி போட முடியாது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018இல் கொண்டுவந்த டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தையே 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். உலகம் முழுக்கத் தொழில்துறை ஒன்றுசேரவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பிரிட்டனில் 2023இலேயே மின்னணு வணிக ஆவணங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. நம்முடைய 1856ஆம் வருடத்து பில் ஆஃப் லேடிங் சட்டத்தை 2025இல்தான் மாற்றினார்கள். அதிலும் மின்னணுப் பில்லைப் பற்றி வெளிப்படையாக ஒரு வரி இல்லை. கவுன்டர்காரர் சீலைத் தேடாமல் என்ன செய்வார்?

பங்காளியிடம் "வேண்டாம்" என்றேன். "அப்படியென்றால் நீங்களும் விடுகிறீர்களா?" என்றார். மூன்றாம் வருடச் சந்தாவை அன்று காலையில்தான் கட்டியிருந்தேன். துபாய்க்காரர் இனிமேல் காகிதத்தைத் தொடமாட்டாராம்.