கஞ்சா வழக்கு இழுக்கிறது: கெடு கேட்பதா, ஜாமீன் கேட்பதா?

போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி (NDPS), 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் அது வணிக அளவு. ஆள் சிறையில் கிடக்க நீதிமன்ற விசாரணை நகரவில்லை என்றால், உயர் நீதிமன்றத்தில் இரண்டு விதமாகக் கேட்கலாம்: இத்தனை மாதத்தில் விசாரணையை முடிக்கக் கெடு வையுங்கள் என்று, அல்லது தாமதத்தையே காரணமாக வைத்து ஜாமீன் கொடுங்கள் என்று. வழக்கறிஞரான நான், சமீபத்தில் என் கட்சிக்காரர் (எனக்கு வழக்கைக் கொடுத்தவர்) ஒருவருக்கு இரண்டாவதைத்தான் கேட்டேன். இனியும் பெரும்பாலும் அதையே கேட்பேன்.

கெடு கேட்டால் அரசுத் தரப்பு பெரிதாக எதிர்ப்பதில்லை. ஆனால் கெடு முடிந்ததும் கீழ் நீதிமன்றம் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதும்; ஆள் உள்ளேயேதான் இருப்பார். இப்படிக் கெடு வைப்பதைச் சாதாரணமாகத் தவிர்க்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது.

ஜாமீனுக்குக் குறுக்கே நிற்பது அந்தச் சட்டத்தின் 37-வது பிரிவு; வணிக அளவு வழக்குகளில் ஜாமீனைக் கடினமாக்குவது அதுதான். ஆனால் 2023-இல் ஒரு டெல்லி கஞ்சா வழக்கில், விசாரணை அளவுமீறித் தாமதமானால் அந்தப் பிரிவு ஜாமீனைத் தடுக்காது என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் ஜாமீன் கேட்டவர் விசாரணை முடியாமலே ஏழு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 30 சாட்சிகள் முடிந்து 34 பேர் பாக்கி.

சரி, தாமதம் யாரால்? மனு நிற்பதும் விழுவதும் இதில்தான். நீதிமன்றங்களின் இணையதளமான இ-கோர்ட்ஸில் வாய்தா தேதிகள் கிடைக்கும். காரணம் வேண்டுமென்றால் நகல் மனு போட்டு, அன்றன்றைய நீதிமன்றக் குறிப்புகளை வாங்க வேண்டும். பிறகு தேதிவாரியாக ஒரு பட்டியல்: ‘மகசர் சாட்சி (கைப்பற்றியதற்குச் சாட்சிக் கையெழுத்திட்டவர்) ஆஜராகவில்லை’, ‘வழிக்காவல் (அழைத்து வரும் போலீஸ்) இல்லாததால் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஆஜர்படுத்தப்படவில்லை’, ‘நீதிபதி விடுப்பு’. தலைமறைவான கூட்டாளிக்காக வழக்கைப் பிரிக்காமல் காத்திருந்த மாதங்களும் அதில் வர வேண்டும். குறுக்கு விசாரணைக்கு நாம் கேட்ட வாய்தாக்களையும் மறைக்காமல் எழுதுங்கள். நாம் மறைத்து, அதை அரசு வழக்கறிஞர் எடுத்துக் காட்டினால் மற்ற தேதிகளையும் யாரும் நம்பமாட்டார்கள். கட்சிக்காரரின் குடும்பத்திடம் நான் முதலில் கேட்பது இந்த நகல்களைத்தான்.

எத்தனை ஆண்டு ஆனால் போதும் என்பதற்கு நிலையான கணக்கு இல்லை. ஒடிசா வழக்கு ஒன்றில் மூன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. முன்வழக்கு உள்ளவர்களுக்கு இந்த வாதம் எவ்வளவு எடுபடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு நான் அதிகம் ஆஜரானதில்லை.

சாட்சி சொல்லப் புலன் விசாரணை அதிகாரி ஒருவர்தான் பாக்கி என்றால் மட்டும் கெடுவையே கேட்பேன். அந்தக் கட்டத்தில் ஜாமீன் மனு நிலுவையில் கிடக்கும் நேரத்தில் தீர்ப்பே வந்துவிடும்.