ஊர்த் தண்ணீர்: குழாயா, அடிபம்பா, கேனா?

ஒரு கிராமத்தில் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டால், வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நான் கேட்பது வேறு. மோட்டார் காயில் எரிந்துபோன அன்றைக்கு அந்த ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டு ஊர்களில் புழங்கும் நான்கு வழிகளின் தரவரிசையே மாறிவிடும்.

ஊர் போரும், அதாவது ஆழ்துளைக் கிணறும், மேல்நிலைத் தொட்டியும்தான் பரவலானது. 2019-ல், வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது நாட்டின் கிராமப்புற வீடுகளில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுக்குத்தான் குழாய் இணைப்பு இருந்தது. அதற்குப் பிறகு இணைப்புகள் வேகமாகக் கூடின. ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் பதினெட்டுக் குடம். பள்ளத் தெருவில் அது கிடைத்துவிடும். நாலு வீட்டுக்காரர்கள் குழாயிலேயே மோட்டாரைச் சொருகி உறிஞ்சினால், மேட்டுத் தெருக் கடைசி வீட்டுக் குழாயில் 'புஸ்' என்று காற்றுதான் வரும். ஆனாலும் இதில் பழுது நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

ஆற்றுத் தண்ணீரைப் பல ஊர்களுக்குக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீரில் அந்த வசதி இல்லை. எங்கோ பல மைல் தள்ளிப் பிரதான குழாய் உடைந்தால், காத்திருப்பதைத் தவிர ஊர்க்காரர்களுக்கு வேறு வேலையில்லை. அதற்காக அதைத் தள்ளிவிடவும் முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. மீறினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு வரைக்கும் போகும். நாக்குக்கு எதுவும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அங்கே குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர்தான், பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம், எல்லோரும் மறந்துபோன அடிபம்பு. இந்தியா மார்க் 2 என்று 1970-களில் உருவான அதே இரும்புப் பம்புதான். கைப்பிடியை அமுக்கினால் தலைப்பெட்டிக்குள் சங்கிலி ஏறி இறங்கும், அதோடு கம்பி, அடியில் பிஸ்டன். கரண்ட் வேண்டாம், ஆபரேட்டர் வேண்டாம். வாசர் தேய்ந்தால் மட்டும் மொத்தக் குழாயையும் மேலே உருவ வேண்டும், அதற்கு ஆளும் சாமானும் வேண்டும். நீர்மட்டம் 45, 50 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் அதை நம்ப முடியாது. சுற்றிலும் ஆழமாக போர் போட்டு மட்டத்தை இறக்கிவிட்டு, அடிபம்பு சரியில்லை என்று சொல்வது என்ன நியாயமோ!

கேன் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விருந்தாளி வந்தால், உடம்பு சரியில்லையென்றால், சரி. தினத்துக்கும் அதையே வாங்கினால் நூறு நாள் வேலைக் கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். கழுவாத கேனில் அடைத்து வந்தால், ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்தது என்று எழுதி என்ன பயன்?

என் வரிசை இதுதான். ஃப்ளோரைடு உள்ள இடத்தில் குடிக்கக் கூட்டுக் குடிநீர், புழங்க ஊர் போர். மற்ற இடங்களில் பரிசோதனையில் தேறிய ஊர் போரே போதும். இரண்டு இடத்திலும் ஓடுகிற அடிபம்பு ஒன்றாவது இருக்க வேண்டும், அதன் தண்ணீரையும் சோதித்திருக்க வேண்டும். குழாய் வந்தாயிற்று என்று அதைப் பிடுங்க வந்தால் விடாதீர்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும்போது, மேடைப் பேச்சு முடிந்ததும் கடைசியாகத் தண்ணீரைச் சோதித்த அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.